‘இளங்குற்றவாளி’ என்ற சொல்

மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் கைபேசி பறித்த பொடியன் ஒருவன் பிடிபட்டால், மறுநாள் செய்தி ‘இளங்குற்றவாளி கைது’ என்று வருகிறது. களுவாஞ்சிக்குடியோ கல்முனையோ, எந்த ஊரானாலும் இதே தலைப்புத்தான். நம் நீதிமன்றத் தமிழில் பிடிபட்டவர் சந்தேகநபர், குற்றம் சாட்டப்பட்டவர் எதிரி, தீர்ப்புக்குப் பிறகுதான் குற்றவாளி. கொலை வழக்கில் பிடிபட்ட பெரியவரைச் சந்தேகநபர் என்று கவனமாக எழுதுகிறவர்கள், பிள்ளைக்கு மட்டும் தீர்ப்பையும் சேர்த்தே எழுதிவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் ஆங்கில மூலமான ‘டெலிங்குவென்ட்’ லத்தீனில் கடமை தவறியவர் என்ற பொருளில் பிறந்த சொல். நடத்தையைச் சொல்ல ‘நெறிபிறழ்வு’ நம்மிடம் இருக்கிறது, நல்ல சொல். சட்டமும் இந்தத் தலைப்புக்கு இடம் தரவில்லை. 2018இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி, குற்றப்பொறுப்பு வயதை 8இலிருந்து 12 ஆக்கினார்கள். 12 வயதாகாத பிள்ளை என்ன செய்தாலும் சட்டப்படி அது குற்றமே அல்ல. 12க்கும் 14க்கும் இடையில், செய்ததை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி அந்தப் பிள்ளைக்கு இருந்ததா என்று நீதவான் பார்க்கவேண்டும்.

சரி, மாற்றுச் சொல்? பயிற்சிப் பட்டறைகளிலும் அறிக்கைகளிலும் ‘சட்டத்துடன் முரண்படும் சிறுவர்’ என்கிறார்கள். பிள்ளைக்குப் பட்டம் கட்டக்கூடாது என்ற நோக்கம் நல்லதுதான். 1989ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமை சமவாயத்தின் 40ஆம் உறுப்புரையும் பிள்ளையின் கண்ணியத்தைக் காக்கச் சொல்கிறது. ஆனால் இது ஆங்கிலத் தொடரை அப்படியே இறக்கிவைத்த தமிழ். முரண்படுவதென்றால் எதிர்த்து நிற்பது. பசிக்குப் பாண் எடுத்தவன் சட்டத்தை எதிர்த்தா நின்றான்? ‘முரண்படும்’ என்ற எச்சம் வேறு, அதுவே அவன் வழக்கம் என்று சொல்லிவிடுகிறது. ஒரு தாயிடம் போய் “உங்கட மகன் சட்டத்தோட முரண்பட்டிருக்கார்” என்றால், “பொலிசோட சண்டை புடிச்சவனா?” என்றுதான் கேட்பா.

‘வழக்கில் அகப்பட்ட சிறுவர்’ என்று எழுதலாம். “பொடியன் வழக்கில அகப்பட்டுட்டான்” என்றால் இங்கே விளங்காதவர் இல்லை. குற்றத்துக்கு இது சாக்குச் சொல்கிறது என்பார்கள். இல்லை, வழக்கு இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. செய்தானா இல்லையா என்பதை நீதவான் சொல்லட்டும்.

மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு தொடரை அச்சுக்கு அனுப்புமுன் ஊரில் ஒருவரிடமாவது வாசித்துக் காட்டவேண்டும். செய்தி எழுதுகிறவர்களுக்கும் ஒன்று: பெயரை மறைத்துவிட்டு ஊரையும் பாடசாலையையும் தகப்பனின் தொழிலையும் போட்டால், அந்தப் பிள்ளை யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும். அதையும் விட்டுவிடுங்கள்.