கறுப்பினக் கல்லூரிகளின் பழைய கட்டடங்களுக்கு அமெரிக்க அரசின் சீரமைப்பு மானியம்

அலபாமாவின் டஸ்கீஜி பல்கலைக்கழகத்தில் பழைய கட்டடங்கள் பலவற்றுக்குச் செங்கல் அறுத்துச் சுட்டவர்கள் அங்கே படித்த மாணவர்களே. வரைபடம் போட்டவர் ராபர்ட் டெய்லர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். கறுப்பினக் கல்லூரிகளின் இத்தகைய கட்டடங்களைச் செப்பனிடவே, வரலாற்று இடங்களையும் கவனிக்கும் அமெரிக்க அரசுத் துறையான தேசியப் பூங்கா சேவை வழியாக ஒரு மானியம் இருக்கிறது. தேவை பெரிது: 1998இல் கணக்கெடுத்தபோது 103 கல்லூரிகளில் 712 கட்டடங்களும் இடங்களும் தேறின; செலவு மதிப்பீடு 75.5 கோடி டாலர். பணம் கடலடி எண்ணெய், எரிவாயுக் குத்தகை வருவாயில் இயங்கும் வரலாற்றுப் பாதுகாப்பு நிதியிலிருந்து வருகிறது. ஆனால் நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்கினால்தான் உண்டு. ஆகவே சென்ற ஆண்டு அறிவிப்பை நம்பி விண்ணப்பம் தயாரிக்க வேண்டாம்.

1964க்கு முன் கறுப்பின மக்களின் கல்விக்கென்றே தொடங்கிய, அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளுக்கு உரியது இது. வளாகம் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இருப்பது மட்டும் போதாது. பழுதுபார்க்கப்போகும் கட்டடமே தனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். அல்லது வரலாற்று வட்டாரமாகப் பதிவான வளாகத்தின் மதிப்புக்குப் பங்களிக்கும் கட்டடமாகப் பதிவு ஆவணத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். முதலில் அந்த ஆவணத்தை எடுத்துப் பாருங்கள். ஆய்வறிக்கை, வரைபடம், கூரை, சுவர், ஜன்னல் பழுது எல்லாம் செலவுக் கணக்கில் சேரும். புதுக் கட்டடம் சேராது.

விண்ணப்பத்துக்கு முன், அரசு மானியம் கேட்போர் பதிவு செய்யும் சாம் (SAM.gov) தளத்தில் பதிந்து, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இலக்க அடையாள எண் வாங்க வேண்டும். அந்தப் பதிவை ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகும். கடைசி வாரத்தில் இதைக் கவனிப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

மானியம் கிடைத்தவுடன் கொத்தனாரை அழைத்துவிடக் கூடாது. 1966ஆம் ஆண்டு வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவுப்படி மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அதிகாரியிடம் கருத்துக் கேட்க வேண்டும். அவருக்கு 30 நாள் அவகாசம். அந்தக் கணக்கு முழு ஆவணமும் அவர் கைக்குப் போன பிறகே ஓடும்.

வேலையில் பெரும்பாலும் கெடுவது செங்கல் சுவர்தான். சுண்ணாம்புக் கலவையில் எழும்பிய சுவருக்குச் சிமெண்டில் பாயிண்டிங் செய்தால், அதாவது செங்கற்களுக்கு இடைப்பட்ட சந்துகளைச் சிமெண்டால் நிரப்பினால், சந்து வழியே வெளியேற வேண்டிய ஈரம் மென்மையான செங்கல் வழியே வெளியேறும். உப்பும் உறைபனியும் சேர்ந்து செங்கல் முகத்தை உதிர்த்துவிடும். செங்கல் போனால் போனதுதான். பழைய கலவையைச் சந்தின் அகலத்தைப் போல 2 முதல் 2.5 மடங்கு ஆழத்துக்கு எடுக்க வேண்டும். அரை அங்குலச் சந்து என்றால் குறைந்தது 1 அங்குலம். மின் அறுப்பான் செங்கல் விளிம்பைக் கடிக்கும் என்பதால் உளியே நல்லது. புதுக் கலவையைக் கால் அங்குலப் படலங்களாக அழுத்தி நிரப்ப வேண்டும். ஒப்பந்தப் புள்ளியில் 'சுவர் பழுது' என்று மட்டும் போடாமல், கலவை விகிதம், மணலின் நிறம், முதலில் செய்து காட்ட வேண்டிய மாதிரிச் சதுரம் என எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள்.

கட்டட வேலைக்குப் பணம் வாங்கினால், தொகைக்கேற்பப் பல ஆண்டுகளுக்குக் கட்டடத்தைப் பேணுவதாகப் பாதுகாப்பு உடன்படிக்கை எழுதித் தர வேண்டும். அது சொத்துப் பத்திரத்தோடு பதிவாகும். அடமானம் இருந்தால் வங்கியிடம் முன்பே பேசிவிடுவது நல்லது.