'நான் யார்' என்று கேட்டால் வீட்டைச் சொல்கிறவர்கள்

உளவியல் ஆலோசகராக வேலையைத் தொடங்கிய புதிதில், பெரம்பூரிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) மேலே 'நான் யார்?' என்ற கேள்வி, கீழே 20 வெற்று வரிகள். கூன், மெக்பார்ட்லாண்ட் என்ற இரு அமெரிக்கர்கள் 1954-இல் வெளியிட்ட சோதனை அது.

"ரெண்டு பிள்ளைக்கு அம்மா. மாமியாருக்குக் கண்ணு தெரியாது, நான்தான் பார்த்துக்கறேன். எங்கண்ணனுக்கு ஒரே தங்கச்சி." ஒன்பது வரியோடு பேனாவை வைத்துவிட்டார். 'தன்னைப் பற்றி யோசிக்கத் தெரியாதவர்' என்று குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பு இன்றும் என்னை உறுத்துகிறது. அவர் எழுதிய ஒன்பதும் அவர்தான்.

ஹேசல் மார்கஸ், ஷினோபு கிடயாமா என்ற இரு உளவியலாளர்களும் 1991-இல் இதைத்தான் விளக்கினார்கள்: சில சமூகங்களில் 'நான்' தனியாக நிற்கும், சில சமூகங்களில் உறவுகளோடு பின்னியிருக்கும். அடுத்தவரைப் பார்ப்பதிலும் இதே வேறுபாடு உண்டு. உளவியலாளர் ஜோன் மில்லர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களிடம் தெரிந்தவர் ஒருவர் செய்த நல்லதையும் கெட்டதையும் சொல்லச் சொல்லி, அவர் ஏன் அப்படிச் செய்தார் என்றும் விளக்கச் சொன்னார். சிகாகோவின் பெரியவர்கள் அதிகமாகக் குணத்தைக் காரணம் காட்டினார்கள். மைசூர்ப் பெரியவர்கள் சூழ்நிலையை. எட்டு வயதுப் பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் அவ்வளவாக இல்லை. வளர வளரத்தான் கூடியது. பிறக்கும்போதே வருவதில்லை, வளர்கிற வீடும் தெருவும் கற்றுக்கொடுப்பது.

அதற்காகச் சென்னைக்காரர் எல்லாரும் ஒரே மாதிரி என்று நினைத்துவிட வேண்டாம். சோழிங்கநல்லூரில் ஐடி வேலை பார்க்கும் ஓர் இளைஞர் 20 வரிகளையும் மளமளவென்று நிரப்பினார். இன்ட்ரோவர்ட், ஓவர்திங்கர், சோம்பேறி... எல்லாமே குணங்கள். "வீட்ல யார் யார் இருக்கீங்க?" என்று கேட்டேன். "அம்மாவும் நானும். அப்பா போய் ஏழு மாசம் ஆச்சு." அந்த ஏழு மாதம் 20 வரிகளில் எங்குமே இல்லை. தன்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தவர் துக்கத்தில் இருந்தார்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அடி வாங்கும் பெண்ணிடம் "நம்ம கலாச்சாரம், அனுசரிச்சுப் போம்மா" என்பது ஆலோசனையே அல்ல. அவருக்குத் தர வேண்டியது 181 என்ற மகளிர் உதவி எண்.

பெரம்பூர் அம்மா நெஞ்சுப் படபடப்பு என்றுதான் வந்தார். ஈசிஜியில் ஒன்றுமில்லை. மனநலப் பிரச்சினைகளை அடையாளம் காண மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்கக் கையேட்டில், நோயாளியின் பண்பாட்டுப் பின்னணியை அறிய 16 கேள்விகள் உண்டு. உங்கள் வீட்டாரிடம் இந்தப் பிரச்சினையை எப்படிச் சொல்வீர்கள் என்பது அவற்றில் ஒன்று. மூன்றாவது சந்திப்பில் அதைக் கேட்டேன்.

நெடுநேரம் பேசாமல் இருந்தார். "வீட்ல யார்கிட்டயும் சொல்லல மேடம். நான் படுத்துட்டா அவங்க என்ன பண்ணுவாங்க?" பிறகு அவராகவே கேட்டார்: "அடுத்த வாட்டி எங்கண்ணனக் கூட்டிட்டு வரட்டா?"