ஸ்டாக் காரும் இயல்புந்தும்

பழைய பைக் ஒன்றை விலை பேசும்போது மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்பார்: “சைலன்சர் கம்பெனியோடதா, மாத்துனதா?” ஸ்டாக் கார் என்ற சொல்லில் உள்ள ‘ஸ்டாக்’ இந்தக் ‘கம்பெனி’தான். ஷோரூமிலிருந்து இறங்கியபடியே, கை வைக்காமல் இருக்கும் கார் ஸ்டாக் கார். அப்படிப்பட்ட கார்களை ஓடவிட்டு அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வளர்ந்த போட்டி ஸ்டாக் கார் பந்தயம். இன்று அதில் ஓடும் கார்களில் ஷோரூமில் வாங்கிய பாகம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே இதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறவர் அகராதியைப் புரட்டினால் போதாது. அந்தக் காரின் வரலாற்றையும் பார்க்க வேண்டும்.

முதலில் சொல்லின் வேர். பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டாக்’ என்றால் அடிமரம், மரக்கட்டை. அங்கிருந்து மூலதனம், கடையில் அடுக்கிய சரக்கு என்று பொருள் விரிந்துகொண்டே போனது. நம் ‘முதல்’ என்ற சொல்லும் இதே வழியில் நடந்திருக்கிறது. மரத்தின் அடிக்கும் முதல் என்று பெயர். வியாபாரத்தில் போடும் பணத்துக்கும் முதல் என்று பெயர். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள் மரத்தடியிலிருந்து கல்லாப்பெட்டிக்கு ஒரே பாதையில் வந்து சேர்ந்ததை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. சரக்கு என்ற பொருளிலிருந்துதான் ‘டீலரிடம் இருப்பில் உள்ளபடி’ என்ற பொருள் காருக்கு ஒட்டிக்கொண்டது.

சரி, ‘சரக்குக் கார்’ என்று சொல்லலாமா? லாரிக்கு ஏற்கெனவே ‘சரக்குந்து’ என்று பெயர் வைத்துவிட்டோம். பேச்சு வழக்கில் சரக்கு என்றால் சாராயம். இந்தப் பந்தயத்தின் பிறப்பே சாராயத்தில்தான் என்பதால் அந்தப் பொருள் முற்றிலும் தவறும் இல்லை. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. மலைப்பகுதிகளில் காய்ச்சிய கள்ளச் சாராயத்தை இரவில் நகரங்களுக்குக் கடத்தியவர்கள், பார்வைக்குச் சாதாரணமாகவும் உள்ளே வேகமாகவும் இருக்கும் கார்களை வைத்திருந்தார்கள். விலக்கு நீங்கிய பிறகும் வரி கட்டாத சாராயம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. யார் வண்டி வேகம் என்று பார்க்க அவர்களில் பலர் மண் தடங்களில் போட்டி போட்டு ஓட்டினார்கள். பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஜூனியர் ஜான்சன், சாராய வழக்கில் சிறை சென்று வந்தவர். 1986ல் அதிபர் ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

1947 டிசம்பரில் டேடோனா கடற்கரை நகரத்து ஓட்டல் ஒன்றில் பந்தய ஏற்பாட்டாளர் பில் பிரான்ஸ் கூட்டிய கூட்டத்திலிருந்துதான், ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு உருவானது. 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரில், ‘முழுக்க முழுக்க ஸ்டாக்’ என்று பெயரிட்ட பிரிவின் முதல் பந்தயம் நடந்தது. லீ பெட்டி என்ற ஓட்டுநர் இரவல் வாங்கிய ப்யூக் காரைத் தடத்துக்கு ஓட்டி வந்து, அதிலேயே பந்தயம் ஓடி, கவிழ்த்தும் விட்டார். முதலில் வந்தது கிளென் டனவே ஓட்டிய 1947 ஃபோர்டு. பந்தயம் முடிந்ததும் அதிகாரிகள் காருக்கு அடியில் பார்த்தார்கள். பின்பக்க ஸ்பிரிங்கை விரித்துக் கெட்டிப்படுத்தியிருந்தது. சாராயம் ஏற்றினாலும் பின்பக்கம் தணியாமல் இருக்கக் கடத்தல்காரர்கள் செய்யும் வேலை அது. வெற்றியைப் பறித்து, லிங்கன் ஓட்டிய ஜிம் ரோப்பருக்குக் கொடுத்தார்கள். கார் உரிமையாளர் நீதிமன்றம் போனார், வழக்கு நிற்கவில்லை.

இந்தச் சம்பவம்தான் சொல்லின் பொருளை நிறுவியது என்பேன். ‘ஸ்டாக்’ என்பது கடையிருப்பைக் குறிப்பதோடு நிற்கவில்லை. ‘மாற்றாதே’ என்ற விதியாகவும் ஆகிவிட்டது. அதனால் ‘இருப்புக் கார்’ என்ற நேர்ப் பெயர்ப்பும் எனக்கு ஒப்பவில்லை. பாதி அர்த்தம்தான் வருகிறது. அதோடு இருப்புப்பாதை என்றால் இரும்புப் பாதை என்று பழகிய கண்ணுக்கு அது இரும்புக் காராகத் தெரியும். ‘கம்பெனிக் கார்’ என்றாலோ ஆபீசில் கொடுத்த கார்.

நான் முன்வைப்பது ‘இயல்பு’. பள்ளியில் படித்த புணர்ச்சி இலக்கணத்தை நினைத்துப் பாருங்கள். வாழை, மரம் இரண்டும் எந்த மாற்றமும் இல்லாமல் சேர்ந்தால் வாழைமரம். அது இயல்புப் புணர்ச்சி. மாற்றம் வந்தால் விகாரம்: தோன்றல், திரிதல், கெடுதல். நாஸ்கார் தொடக்கத்தில் ஸ்டாக் தவிர, மாற்றம் செய்த கார்களுக்கும் தனிப் பிரிவு வைத்திருந்தது. இயல்பு, திரிபு என்று நம் இலக்கணம் பிரித்ததும் அவர்கள் பிரித்ததும் ஒன்றே. மகிழுந்து, சீருந்து போல இது ‘இயல்புந்து’. இயல்பு, உந்து சேரும்போது ஓர் உகரம் கெட்டுவிடுகிறது. அந்தக் காரும் நிறையவே இழந்துதான் இன்றைய உருவத்துக்கு வந்திருக்கிறது.

முதலில் தோன்றல். உயிர் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு உள்ளே வந்தது. பிறகு அந்தக் குழாய்ச் சட்டமே காராகிவிட்டது. கெடுதல்: பின்சீட் போனது, கதவு போனது. ஓட்டுநர் ஜன்னல் வழியாகத்தான் நுழைகிறார். முகப்பு விளக்கு இருக்கும் இடத்தில் விளக்குப் படம் அச்சிட்ட ஸ்டிக்கர். திரிதல் மட்டும் விநோதமானது, சாலைக் கார்களைவிடப் பிந்தித்தான் வந்தது. சாலைக் கார்கள் எப்போதோ கார்புரேட்டரைக் கைவிட்டுவிட, இந்தக் கார்கள் 2011 வரை அதை விடவில்லை. 2022ல் வந்த புதுத் தலைமுறைக் காரில்தான் பின்சக்கரங்கள் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷன் கிடைத்தது. சக்கரத்துக்கு 5 நட்டு இருந்தது ஒன்றானதும் அப்போதுதான்.

நடுவில், 1970ல், இயல்பைக் காப்பாற்ற எடுத்த முயற்சி ஒன்று மறக்க முடியாதது. பந்தயத்தில் ஓட வேண்டுமானால் அதே காரைப் பொதுமக்களுக்கும் விற்க வேண்டும் என்பது விதி. பிளிமத் நிறுவனம் ‘சூப்பர்பேர்ட்’ காரில் கூரான மூக்கையும் உயர்ந்து நிற்கும் பின்சிறகையும் வைத்து, 1,900க்கும் மேல் செய்து டீலர்களுக்கு அனுப்பியது. கடைகளில் அது விலைபோகவில்லை. சில டீலர்கள் சிறகைக் கழற்றிச் சாதாரணக் காராக மாற்றி விற்றார்கள். அதாவது பந்தயக் கார் கடைக் காரைப் போல இருக்க வேண்டும் என்ற விதியைக் காக்க, கடைக் கார் பந்தயக் காரைப் போல மாறவேண்டி வந்தது.

இவ்வளவு மாறியும் ரசிகர்கள் ஏன் விடவில்லை? ‘ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் திங்கட்கிழமை விற்கும்’ என்பது அங்கே கார் வியாபாரிகள் சொல்லும் பழைய பேச்சு. தன் வீட்டு வாசலில் நிற்கும் காரின் முகம் ஓடுவதைப் பார்க்கத்தான் அவர்கள் வருகிறார்கள். 2007ல் வந்த பாதுகாப்பான புதுக் கார், எல்லாக் கம்பெனிக்கும் ஒரே அச்சாக இருந்தது. ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். நட்சத்திர ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் 2001 டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் இறந்ததைக் கண்டவர்கள் அவர்கள். பாதுகாப்பை அவர்கள் வெறுக்கவில்லை. ஃபோர்டும் செவர்லேயும் பார்த்ததும் தெரியவேண்டும் என்றுதான் கேட்டார்கள். 2013ல் அந்த முகங்கள் திரும்பி வந்தன.

இன்னொன்று காது. பந்தயத்துக்கு வருகிறவர்களில் பலர் ரேடியோ ஸ்கேனரும் ஹெட்போனும் கொண்டுவருவார்கள். ஓட்டுநரும் அவர் குழுவும் பேசுவது நேரடியாகக் கேட்கும். பின்பக்கம் வழுக்குகிறது, முன்பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது என்று ஓட்டுநர் முறையிடுவதைக் கேட்கும் லாரி டிரைவருக்கு அது தன் பாஷை. கார் இயல்பை இழந்தாலும் பேச்சு இழக்கவில்லை.

இப்போதும் விசித்திரங்கள் தொடர்கின்றன. செவர்லே 2023 இறுதியில் கமாரோ தயாரிப்பை நிறுத்திவிட்டது. அடுத்த ஆண்டும் நாஸ்கார் தடத்தில் கமாரோ ஓடியது. இருப்பிலேயே இல்லாத கார் ஸ்டாக் காராக ஓடுகிறது. ‘இருப்பு’ என்று பெயர்த்திருந்தால் அந்த வாக்கியமே முரணாகியிருக்கும். இயல்புந்து என்றால் தாங்கும்; அது கடையைச் சொல்லவில்லை, தோற்றத்துக்கும் வம்சத்துக்கும் பெயர்.

செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2010ல் நம் நரேன் கார்த்திகேயன் நாஸ்காரின் ட்ரக் தொடரில் ஓட்டினார். ரசிகர்கள் வாக்களித்து, அந்த ஆண்டு அந்தத் தொடரில் மனம் கவர்ந்த ஓட்டுநராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே ட்ரக் என்றால் பிக்கப் வண்டி. அதைச் சரக்குந்து என்று எழுதினால் அவர் லாரி ஓட்டினார் என்று ஆகிவிடும். அவர் ஓட்டியதும் இயல்புந்துதான்.