ஹிஸ்டரிக்கு நோட்ஸ் கேட்கும் பெற்றோருக்கு

ஏப்ரல் பிறந்தால் போதும், வரலாற்று ஆசிரியரான எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "சார், பையனுக்கு மே மாசம் ஏ-புஷ் பரீட்சை. நல்ல நோட்ஸ் இருந்தா அனுப்புங்களேன், மனப்பாடம் பண்ணிடுவான்." ஏ-புஷ் என்பது அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் எடுக்கும் கல்லூரித் தரத்து அமெரிக்க வரலாற்றுப் பாடம் (AP U.S. History). கணக்குக்கும் கோடிங்குக்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே டியூஷன். அமெரிக்க வரலாறு மட்டும் கடைசி மூன்று வாரத்தில் விழுங்கிவிடக்கூடிய மாத்திரை!

போன வாரம் வந்த பையனுக்கு அவன் அம்மாவே ஒரு கட்டு அட்டை எழுதிக் கொடுத்திருந்தார். 1820 மிசௌரி உடன்பாடு, 1854 கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம், 1857 ட்ரெட் ஸ்காட் தீர்ப்பு, 1860 லிங்கன் வெற்றி. எந்த அட்டையை எடுத்தாலும் டக்கென்று சொன்னான். "சரி, 1854 சட்டம் வந்ததும் வட மாநிலத்துக்காரர்கள் ஏன் கொதித்தார்கள்?" என்று கேட்டேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் காலி.

பெற்றோரே, தயவுசெய்து கேளுங்கள். இது நாம் அக்பர் ஆண்ட ஆண்டை உருப்போட்டு ஐந்து மார்க் வாங்கிய பாடம் இல்லை. ஏ-புஷ் பரீட்சையில் 55 நிமிடத்தில் 55 கொள்குறி வினாக்கள். ஒவ்வொரு கொத்து வினாவுக்கும் முன்னால் ஒரு கடிதமோ, சட்டத்தின் ஒரு பகுதியோ, கேலிச்சித்திரமோ, வரைபடமோ இருக்கும். அதைப் படித்துப் புரிந்துகொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். 'இது எந்த வருடம்' என்று யாரும் மொட்டையாகக் கேட்பதில்லை. பிறகு டிபிக்யூ (DBQ), அதாவது ஆவணங்களை வைத்து எழுதும் கட்டுரை. ஏழு ஆவணங்களைக் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் அவற்றை வைத்து ஒரு வாதத்தை எழுதச் சொல்வார்கள். மொத்த மதிப்பெண்ணில் கால் பங்கு அதற்கே. மனப்பாடம் செய்தவன் ஏழு ஆவணத்தையும் வரிசையாகச் சுருக்கி எழுதிவிட்டு வருவான். வாதம் இருக்காது, மதிப்பெண்ணும் வராது.

அந்த அட்டைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1820-ல், பிரான்ஸிடமிருந்து அமெரிக்கா வாங்கிய லூசியானா நிலத்தில் ஒரு கோடு போட்டு, மிசௌரியைத் தவிர அதற்கு வடக்கே அடிமை முறை கூடாது என்றார்கள். 1854 சட்டம் அந்தக் கோட்டை அழித்து, குடியேறுகிறவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்றது. கான்சாஸில் ரத்தம் சிந்தியது, அன்றைய பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சி சிதறியது, குடியரசுக் கட்சி பிறந்தது. 1857-ல் உச்ச நீதிமன்றம், ட்ரெட் ஸ்காட் வழக்கில், இன்னும் மாநிலமாகாத பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கே அதிகாரமில்லை என்றது. அடிமை முறையைப் பரவவிடமாட்டோம் என்ற குடியரசுக் கட்சியின் லிங்கன் 1860-ல் ஜெயித்தார். அவர் பதவியேற்கும் முன்பே, டிசம்பரில், தென் கரோலினா பிரிந்துபோனது. ஒன்று அடுத்ததைத் தள்ளுகிறது, பாருங்கள். காரணம் புரிந்தால் ஆண்டு தானாக நிற்கும். ஆண்டை மட்டும் வைத்துக்கொண்டு காரணத்துக்கு எங்கே போவது?

"எனக்கே அமெரிக்க ஹிஸ்டரி தெரியாதே, நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேள்வி கேளுங்கள். இதை எழுதியது யார், யாருக்கு, எப்போது, எதற்கு? பிரிந்துபோன தென் மாநிலங்களின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861-ல், அடிமை முறைதான் எங்கள் அரசின் மூலைக்கல் என்று மேடையில் பேசினார். உள்நாட்டுப் போரில் தெற்கு தோற்ற பிறகு, சண்டை மாநில உரிமைக்காக நடந்தது என்று எழுதினார். ஒரே ஆள்தான். ஏன் மாற்றிப் பேசினார் என்று சாப்பாட்டு மேசையில் பத்து நிமிடம் பேசுங்கள். பையன் தமிழில் சொன்னாலும் சரி.

நம் வீட்டுக் கதையும் பாடத்தில் இருக்கிறது. இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியில்லை என்று 1923-ல், இந்தியாவிலிருந்து வந்த பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கில் தீர்ப்பு. 1924 குடியேற்றச் சட்டம் கதவை இன்னும் இறுக்கியது. 1946-ல் ஆண்டுக்கு நூறு பேருக்கு மட்டும் வழிவிட்டார்கள். 1965 சட்டத்துக்குப் பிறகுதான் நம்மவர்கள் பெரிய அளவில் வர முடிந்தது. இதைக்கூடப் பிள்ளைகளிடம் சொல்லாத வீடுகள் எத்தனையோ.

ஒன்பதாம் வகுப்பிலோ பத்திலோ சென்னையிலிருந்து நேரே வந்து சேர்ந்த பிள்ளைகள் வேறு கதை. கூடப் படிப்பவர்கள் இந்த வரலாற்றைச் சின்ன வகுப்புகளிலேயே ஒரு சுற்று பார்த்திருப்பார்கள். இவர்களுக்குச் செனட் எது, மாநிலச் சட்டம் எது, மத்தியச் சட்டம் எது என்பதே புதிது. முதலில் அரசியலமைப்பின் முதல் மூன்று பிரிவுகளை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். மீதி அதன்மேல் ஏறும்.

அப்புறம், தடித் தடியாக கைடு வாங்காதீர்கள். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் மூல ஆவணங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாரத்துக்கு ஒன்று போதும். சாட்ஜிபிடி எழுதிய கட்டுரையை எங்களிடம் கொடுத்து அனுப்பாதீர்கள், ஒரு பத்தியிலேயே தெரிந்துவிடுகிறது. வாரப் பாடத்தைப் படித்ததும் நாலு வரி சொந்தமாக எழுதட்டும். பின்தங்குவது தெரிந்தால் செப்டம்பரிலேயே ஆசிரியரைப் பாருங்கள். நாங்கள் கடிப்பதில்லை.

ஏ-புஷ் உண்மையிலேயே கனமாக இருந்தால் சாதாரண வகுப்புக்கு மாற்றிவிடுங்கள், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. பல பள்ளிகளில் அப்படி மாற ஆரம்ப வாரங்களில் ஒரு கடைசித் தேதி உண்டு. உங்கள் பள்ளியில் அது என்றைக்கு என்று கவுன்சலரிடம் கேட்டு வையுங்கள். நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய தேதி அது ஒன்றுதான்.