52-இல் இருந்து 27 போனால் 35

2012 தொடக்கத்தில் இலங்கையின் வடக்கே முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் தரம் 6 பிள்ளைகளின் கணிதக் கொப்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசிரிய ஆலோசகராக அப்போது என் வேலையே அதுதான். வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து பாடத்தைக் கவனிப்பது, கொப்பிகளைப் புரட்டுவது, பிறகு ஆசிரியரோடு கதைப்பது. ஒரு பிள்ளையின் கொப்பியில் 52 − 27 = 35 என்று இருந்தது. அதற்குக் கீழே 61 − 38 = 37. அடுத்தடுத்ததும் அப்படியே. எல்லாவற்றுக்கும் சிவப்புப் பேனையால் பிழை போட்டிருந்தது. "இந்தப் பிள்ளைக்குக் கணக்கு ஓடாது சேர்" என்றார் ரீச்சர்.

கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அந்தப் பிழையில் ஒரு ஒழுங்கு தெரியும். ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்தில் இருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறாள், எது மேலே எது கீழே என்று பார்க்கவில்லை. கடன் வாங்கிக் கழிக்க அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அதைப் பழக வேண்டிய காலம் தரம் 3 அளவில். 2009 ஜனவரியில் அவள் தரம் 3-க்கு வந்திருக்க வேண்டும். அந்த ஜனவரியில் அவளுடைய வீட்டார் விசுவமடுவில் இருந்து உடையார்கட்டுக்கும், அங்கிருந்து சுதந்திரபுரத்துக்கும் சாமான்களைக் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

உள்நாட்டுப் போர் அந்த மே மாதம் முடிந்தது. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அடங்கிய வன்னியில் இருந்து வந்த இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தில் பெரும்பகுதி செட்டிகுளம் பக்கம் மெனிக் பாம் முகாம்களுக்குள் போனது. அங்கேயும் தறப்பாளின் கீழே பாடம் நடந்தது, பரீட்சைகூட நடந்தது, அதை நடத்திய ஆசிரியர்களும் அதே முகாமில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தவர்கள்தான், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அப்புறம் மீள்குடியேற்றம். ஊருக்கு வந்த பிள்ளையை வயதைப் பார்த்து வகுப்பில் இருத்தினோம். இலங்கையில் வழமையே அப்படித்தான், வருடம் முடிந்தால் அடுத்த வகுப்பு. சாதாரண காலத்தில் அது நல்ல வழமை. ஆனால் தரம் 3 முழுவதையும் பங்கரிலும் கூடாரத்திலும் கழித்த பிள்ளையைத் தரம் 6-இல் இருத்திப் பின்னத்தைக் கற்பிக்கத் தொடங்கினால், அவள் இரண்டு வருடம் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் வருடம் வராமல் நின்றுவிடுவாள். பதிவேட்டில் அதற்கு "இடைவிலகல்" என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். அந்தச் சொல் பிள்ளை தானாக விலகிப் போனதுபோல ஒலிக்கிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை.

போருக்குப் பிறகு பாடசாலையை மீட்பது என்றால் கட்டடம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2010-இல் மரத்தின் கீழே உரப்பை விரித்து இருந்து படித்த பிள்ளைகளை நான் பார்த்தேன், மாரி தொடங்கினால் அதுவும் இல்லை. பாடசாலை வளவில் மிதிவெடி எடுத்து முடித்தாலும் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையின் ஓரத்தில் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை நிற்கும், பந்து அந்தப் பக்கம் உருண்டால் எடுக்கப் போகாதே என்பதைத்தான் முதல் பாடமாகச் சொல்லிக் கொடுத்தோம். கிணறு இறைக்க வேண்டும், மலசலகூடம் வேண்டும், அது இல்லாவிட்டால் பெரிய பிள்ளையான பெண் பிள்ளைகள் மாதத்தில் பல நாள் வரமாட்டார்கள். எல்லாம் சரி. ஆனால் கட்டடம் ஒரு வருடத்தில் எழும்பிவிடும், நாடா வெட்டிப் படமும் எடுக்கலாம். பிள்ளைக்குள் விடுபட்டுப்போன அந்த வருடங்களைப் படம் எடுக்க முடியாது, அதனால் அதற்குக் காசு கேட்பதும் கஷ்டம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதிதாகச் சேருகிற பிள்ளையின் விபரம் எழுதும்போது தகப்பன் பெயர், தொழில் என்று நிரல் வரும். ஒரு வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொருவராக எழுப்பி "அப்பா என்ன வேலை?" என்று கேட்டுக்கொண்டு வந்தார், வழமையாக எல்லோரும் கேட்கிறதுதான். நாலாவதாக எழும்பிய பெடியன் ஒன்றும் சொல்லாமல் நின்றான். பக்கத்தில் இருந்தவன் மெதுவாக, "அவன்ர அப்பாவைக் காணேல்ல ரீச்சர்" என்றான். செத்தது என்றும் எழுத முடியாது, இருக்கிறார் என்றும் எழுத முடியாது. ரீச்சர் பேனையை வைத்துவிட்டார். அவருடைய தம்பியும் காணாமல் போனவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அதற்குப் பிறகு நான் போன எல்லாப் பாடசாலையிலும் ஒன்றைச் சொல்லி வந்தேன்: வகுப்புக்கு முன்னால் இதைக் கேட்காதீர்கள், இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு "வீட்டில ஆரோட இருக்கிறீங்கள்?" என்று மட்டும் கேளுங்கள், அது போதும்.

ஆசிரியர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. வன்னிக்கு நியமனம் கிடைத்தவர்களில் பலர் யாழ்ப்பாணத்தில் இருந்து விடியப்புறம் பஸ் ஏறி வருவார்கள், மத்தியானம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், கஷ்டப் பிரதேச சேவைக் காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்பார்கள். நானும் குடும்பக்காரன், அவர்கள் நிலை எனக்கு விளங்கும். தங்க விடுதி இல்லாத இடத்தில் தங்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இடைவெளியை நிரப்பியவர்கள் அந்த ஊரிலேயே இருந்த தொண்டர் ஆசிரியர்கள். உயர்தரம் படித்த இளம் பெண்கள்தான் அதிகம், வருடக்கணக்கில் சம்பளமே இல்லாமலும் சொற்பக் கொடுப்பனவோடும் படிப்பித்தவர்கள். கம்போடியாவில் 1979-இல் சர்வாதிகாரி பொல் பொட்டின் ஆட்சி விழுந்த பிறகும் இதுதான் நடந்தது. படிப்பித்தவர்களில் பெரும்பாலானோர் செத்தும் நாட்டை விட்டுப் போயும் இருந்ததால், எழுத வாசிக்கத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுத்தான் அங்கே பள்ளிகளைத் திறந்தார்கள். ஆனால் அப்படி வந்தவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்து, சம்பளமும் கொடுத்து, பதவியும் கொடுத்தால்தான் அவர்கள் நிலைப்பார்கள்.

விடுபட்ட வருடங்களை மீட்க வழி இல்லாமல் இல்லை. சியரா லியோனில் போர் முடிகிற காலத்தில் ஆரம்பக் கல்வியின் ஆறு வருடப் பாடத்தை மூன்று வருடமாகச் சுருக்கி, வயது கூடிய பிள்ளைகளுக்கென்று தனியாக நடத்தினார்கள். நாங்கள் செய்தது அதைவிட மிகச் சின்னது. தரம் 3, 4 பாடங்களில் இருந்து பத்துக் கேள்வி எடுத்துத் தரம் 6 பிள்ளைகளுக்குக் கொடுத்தோம், புள்ளி போடவில்லை, எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று மட்டும் குறித்தோம். பாடசாலை விட்ட பிறகு ஒரு மணித்தியாலம், ஒரு தொண்டர் ரீச்சர், பதினைந்து பிள்ளைகள். தென்னை ஈர்க்குகளை ஒரே அளவாக முறித்துப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருப்போம். 52 − 27 = 35 என்று எழுதிய அந்தப் பிள்ளை ஐந்து கட்டும் இரண்டு ஈர்க்கும் எடுத்தாள், ஏழு ஈர்க்கைக் கொடுக்கச் சொன்னால் கையில் இரண்டுதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள், செய்யலாமா என்று கேட்பதுபோல. ஒரு கிழமையில் 25 என்று எழுதினாள். பெருக்கலில் இன்னொரு ஓட்டை இருந்தது, அதைத் தொடங்கினோம். ஒன்றரை வருடத்தில் திட்டத்துக்கான காசு முடிந்தது, அந்தப் பின்னேர வகுப்பும் நின்றுவிட்டது. அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர் சங்கங்களில் இருந்து இப்போதும் எனக்கு அழைப்பு வருகிறது, ஊர்ப் பாடசாலைக்கு ஸ்மார்ட் போர்ட் வாங்கிக் கொடுக்கலாமா, நுழைவாயில் வளைவு கட்டலாமா என்று. உங்கள் மனது பெரியது, அதில் சந்தேகமில்லை. காசு அனுப்ப முன்னம் அதிபருக்கு மூன்று கேள்வி எழுதிக் கேளுங்கள். போன தவணையில் எத்தனை பிள்ளைகள் வராமல் நின்றார்கள், அவர்கள் வீட்டுக்கு யாராவது போனார்களா? ஆசிரியர்களில் எத்தனை பேர் ஊரிலேயே தங்குகிறார்கள், தங்க இடம் இருக்கிறதா? தரம் 6-இல் எத்தனை பிள்ளைகளுக்கு இன்னும் கழித்தல் தெரியாது? கடைசிக் கேள்விக்கு அதிபரிடம் கையில் பதில் இருக்காது, பத்துக் கேள்வித் தாளைக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டிவரும். ஒரு மாதம் ஆகலாம். பரவாயில்லை, காத்திருந்து அனுப்புங்கள்.