எத்தனை விரல் இறக்கலாம்?

போன மாதம் பெங்களூரு வில்சன் கார்டனில் இருக்கும் எங்கள் கார் ஷெட்டுக்கு ஒரு தம்பி ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜி.டி. கார் கொண்டுவந்தார். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, சொந்த ஊர் தருமபுரி. டயருக்கும் அதன்மேல் வளையும் தகடான ஃபெண்டருக்கும் நடுவில் நான்கு விரலை நுழைத்துக் காட்டினார். "அண்ணா, இதைக் குறைக்கணும். நாற்பது மில்லி இறக்குற ஸ்பிரிங் பார்த்து வெச்சிருக்கேன்."

"பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டுத் திரும்புறப்ப வண்டியில என்னென்ன இருக்கும்?" என்று கேட்டேன்.

"அப்பா, அம்மா, தங்கச்சி. டிக்கில அரிசி மூட்டை, தேங்காய்."

பேப்பரில் கணக்குப் போட்டோம். அந்தக் காருக்குக் கம்பெனி சொல்லும் தரை இடைவெளி 179 மி.மீ. அது காலி வண்டிக்கு. முழு பாரம் ஏறினால் 145. அதில் 40 போனால் மிச்சம் 105. ஸ்பிரிங் கொஞ்சம் கடினமாக இருப்பதால் பாரத்தில் அவ்வளவு அமுங்காது என்று வேண்டுமானால் சில மில்லி கூட்டிக்கொள்ளலாம்.

சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். விர்டஸின் இரண்டு அச்சுக்கும் இடையே 2.65 மீட்டர்தான். ஆகவே நான்கு சக்கரமும் மேட்டின்மேலேயே நிற்கும், நடுவயிற்றை நோக்கி எழும்புவது ஏறக்குறைய 5 செ.மீ. மட்டும். தாராளமாய்த் தாண்டிவிடலாம். ஆனால் பெங்களூரு குறுக்குத் தெருவில் அப்படி ஒரு வேகத்தடையைக் காட்டுங்கள், அன்றைக்கு டீ என் செலவு. இங்கே இருப்பதெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிய அகலமில்லாத மேடுகள்; முழு உயரமும் வயிற்றை நோக்கி வரும். ஒயிட் டாப்பிங், அதாவது மேலே கான்கிரீட் போட்ட ரோட்டிலிருந்து பக்கத்துத் தெருவுக்கு இறங்கும் படியும், அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவும் தனிக் கதை.

அடி உரசினால் காதில் கேட்கும், வேகத்தைக் குறைப்பீர்கள். எனக்குப் பெரிய கவலை, கேட்காமல் உள்ளே நடப்பது. ஷாக் அப்சார்பர் தண்டில் பம்ப் ஸ்டாப் என்று ஒரு மெத்தை இருக்கும். சக்கரம் மேலே ஏறும்போது அதைத் தொடுவதற்கு முன் 60 மி.மீ. ஓட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 இறக்கினால் 20 தான் மிச்சம். அதே பள்ளத்தை மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் தாங்க வேண்டும். அதனால்தான் குட்டை ஸ்பிரிங்கைக் கடினமாகச் செய்கிறார்கள். கம்பி 12 மி.மீ.யிலிருந்து 13 ஆனாலே, மற்ற அளவுகள் அப்படியே இருந்தால், கடினம் 38 சதவீதம் கூடிவிடும். ஆனால் கம்பெனி ஷாக்கின் ஆயில் வால்வு பழைய ஸ்பிரிங்குக்கு அளவெடுத்தது. புதியது எம்பும் வேகத்தை அதால் பிடித்து நிறுத்த முடியாது. ஒரு மேட்டுக்கு இரண்டு துள்ளல் துள்ளும்.

ஸ்பிரிங் வாங்கும் முன் எல்லோருக்கும் நான் செய்வது ஒன்று உண்டு. டஸ்ட் கவரைத் தூக்கி, ஷாக் தண்டில் கேபிள் டை என்னும் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கட்டி, அடிவரை தள்ளிவிடுவேன். ஷாக் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு அது மேலே போய் நிற்கும். "ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆளுங்களை ஏத்திக்கிட்டு வா." தம்பி வந்தபோது டை தண்டில் மேலே ஏறியிருந்தது. அதற்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவில் ஸ்கேல் வைத்தேன்: 22 மி.மீ. அதுவும் கம்பெனி ஸ்பிரிங்கில். நாற்பது இறக்கினால் பம்ப் ஸ்டாப்பில் முட்டும். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கேட்லாகிலும் ஒரு பொறி இருக்கிறது. ஜெர்மன் ஸ்பிரிங்கில் "35 மி.மீ." என்று போட்டிருப்பது ஐரோப்பிய வண்டியின் உயரத்திலிருந்து. நம் ஊர் ரோட்டுக்காக உயர்த்தி விற்கும் வண்டியில் போட்டால் அதைவிட அதிகமாக இறங்கும். முன் அச்சு எத்தனை கிலோ வரை என்பதையும் தாளில் பாருங்கள். லேசான எஞ்சினுக்கான ஸ்பிரிங் கனமான எஞ்சினைத் தாங்காது.

வெட்டிய ஸ்பிரிங்கைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. எங்கோ ஒரு சுற்றை அறுத்துவிட்ட செடான் ஒன்று இங்கே வந்தது. ஜாக்கியில் தூக்கியதும் ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவிக் கையில் கடகடவென்று ஆடியது. முன் டயர்கள் வெளியே புதுசு, உள்விளிம்பில் கம்பி தெரிந்தது.

புது ஸ்பிரிங் மாட்டும்போது, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் போல்ட்டை வண்டி அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்ற பிறகுதான். இல்லையென்றால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே கிடந்து கிழியும். ஸ்பிரிங் படிய சில நூறு கிலோமீட்டர் ஆகும், அதன்பின் மறுபடி அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்), ஹெட்லைட் உயரம் இரண்டையும் பார்க்க வேண்டும். இந்த வண்டியின் பின் அச்சில் கோணத்தைத் திருப்பிச் சரிசெய்ய ஒன்றும் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும் சொல்லிவிடுவேன். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் குறித்ததற்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் ஸ்பானரைத் தொடுவது.

தம்பி கடைசியில் 20 மி.மீ. ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக்கும் சேர்ந்த செட் போட்டுக்கொண்டார். இப்போது மூன்று விரல் நுழைகிறது. பொங்கல் முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறேன். தண்டில் கட்டிய டையை அவிழ்க்கவில்லை.