நோடு பத்து இருக்கட்டும், கீ ஒரே இடத்தில் இருக்கட்டும்

"பழையதை நிறுத்திவிட்டுத்தான் சார் புதியதை ஓடவிட்டேன்." வேலிடேட்டர் ஸ்லாஷ் ஆனபிறகு என்னிடம் வருகிறவர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். வேலிடேட்டர் என்பது பணத்தைப் பிணையாக வைத்து, பிளாக்செயினில் பிளாக்குகளுக்குக் கையெழுத்துப் போடும் புரோகிராம்; முரண்பட்ட கையெழுத்துப் போட்டால் அந்தப் பிணையில் வெட்டு விழுவதுதான் ஸ்லாஷ். இந்த வாரமும் ஒருவர் வந்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை. பழைய சர்வரில் சர்வீஸை நிறுத்தும் சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் கமாண்டைக் கொடுத்திருக்கிறார், ஸ்டேட்டஸ் பார்த்திருக்கிறார், இன்ஆக்டிவ் என்றே வந்திருக்கிறது. கீ (கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி) ஃபைல்களைப் புதிய சர்வருக்குக் கொண்டுபோய் ஓடவிட்டார். சில நாள் ஒரு குறையும் இல்லை. அப்புறம் சர்வர் வாடகைக்கு விட்ட நிறுவனம் பராமரிப்புக்காகப் பழைய மிஷினை ரீபூட் செய்தது. சர்வீஸ் எனேபிள் ஆகியே கிடந்ததால் மிஷின் எழுந்ததும் அதுவும் எழுந்தது. நோடு (செயினைப் பின்தொடர்ந்து சரிபார்க்கும் புரோகிராம்) விட்டுப்போன பிளாக்குகளைப் பிடித்து முடித்தது, வேலிடேட்டர் கையெழுத்துப் போட ஆரம்பித்தது. புதிய சர்வரும் அதே கீயில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது.

ஸ்டாப் என்றால் இப்போதைக்கு நிறுத்து, அவ்வளவுதான். அடுத்த ரீபூட்டில் என்ன நடக்கவேண்டும் என்பதை டிசேபிள்தான் தீர்மானிக்கிறது. வேறு எந்த சர்வீஸும் அதை இழுத்து எழுப்பக்கூடாது என்றால் மாஸ்க்கும் போடவேண்டும். டாக்கரில் (புரோகிராமைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓட்டுகிறவர்களுக்கும் இதே குழி இருக்கிறது. ரீஸ்டார்ட் பாலிசியை ஆல்வேஸ் என்று வைத்திருந்தால், நீங்கள் கையால் நிறுத்திய கன்டெய்னர்கூட டாக்கர் மறுபடி தொடங்கும்போது தானாக எழுந்துவிடும். அன்லெஸ் ஸ்டாப்ட் என்று வைத்திருந்தால் எழாது. ஆனால் இதில் எதையும் முழுதாக நம்பாதீர்கள். பழைய மிஷினிலிருந்து கீ ஃபைலையே அழித்துவிடுங்கள். கீ இல்லாத வேலிடேட்டர் எத்தனை முறை எழுந்தாலும் ஒன்றும் ஆகாது.

இதைவிட என்னை அலுக்கவைப்பது தெரிந்தே இரண்டு இடத்தில் ஓட்டுகிறவர்கள்தான். "ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும், அதற்குத்தான் பேக்கப்" என்கிறார்கள். வெப் சர்வர், டேட்டாபேஸ் என்று பல வருடம் பார்த்துப் பழகிய கெட்டிக்கார அட்மின்களும் இதில் விழுகிறார்கள். அவர்களுடைய உலகத்தில் சர்வர் நிற்பதுதான் பெரிய குற்றம், இரண்டு ஓடுவது புத்திசாலித்தனம். வேலிடேட்டர் உலகத்தில் கணக்கு தலைகீழ். இங்கே நிற்பது சின்னத் தவறு. ஒரே விஷயத்துக்கு இரண்டு விதமாகக் கையெழுத்துப் போடுவதுதான் குற்றம். நெட்வொர்க்கைப் பொறுத்தவரை நீங்கள் கவனக்குறைவான ஆளா, கள்ளத்தனம் செய்கிற ஆளா என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. முரண்பட்ட இரண்டு கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும்.

எத்தீரியம் பிளாக்செயினில் வேலிடேட்டர் ஒரு நாள் அணைந்து கிடந்தால், அந்த நாளில் வந்திருக்கக்கூடிய வருமானம் போகும், ஏறக்குறைய அதே அளவு அபராதமும் விழும். மறுபடி ஓட ஆரம்பித்து ஒரு நாள் போல ஆனால் அபராதம் ஈடாகிவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலிடேட்டர்கள் ஒரே நேரத்தில் அணைந்து, ஃபைனலிட்டியே (பிளாக்குகள் இனி மாறாது என்று உறுதியாவது) நின்றுபோனால்தான் இந்தக் கணக்கு கடுமையாக மாறும். ஸ்லாஷ் ஆனால் அப்படி மீள முடியாது. வெளியேற்றம் கட்டாயம், திரும்ப எடுக்க வழியில்லை. வெளியே வருவதற்கு 8192 எபோக் (ஒரு எபோக் 6.4 நிமிடம்), அதாவது சுமார் 36 நாள். அந்த 36 நாளும் அணைந்து கிடப்பதாகவே கணக்கு வைத்து அபராதம் போகும். நடுவே 18ஆம் நாள் வாக்கில் இன்னொரு தண்டம் கணக்கிடப்படும். அதே காலத்தில் இன்னும் எத்தனை பேர் ஸ்லாஷ் ஆனார்கள் என்பதைப் பொறுத்து அது கூடும்.

"2025 மே மாதம் பெக்ட்ரா அப்கிரேட் வந்தபிறகு தண்டம் ரொம்பக் குறைந்துவிட்டதே" என்று இப்போது ஒரு புதுத் தைரியம் கிளம்பியிருக்கிறது. முதல் தண்டம் குறைந்தது உண்மைதான். இருப்பில் 32இல் ஒரு பங்கு என்று இருந்தது, 4096இல் ஒரு பங்கு ஆகிவிட்டது. 32 ஈத்தர் (எத்தீரியத்தின் நாணயம்) பிணையாக வைத்த வேலிடேட்டருக்கு முன்பு 1 ஈத்தர் போனது, இப்போது 0.0078 ஈத்தர். ஆனால் கட்டாய வெளியேற்றமும் 36 நாள் அபராதமும் அப்படியேதான் இருக்கின்றன. திரும்பச் சேரவேண்டும் என்றால் புதுக் கீ, புது டெபாசிட், நுழைவு வரிசையில் காத்திருப்பு. காஸ்மோஸ் ஹப் என்ற இன்னொரு செயின் பக்கம் இரட்டைக் கையெழுத்துக்கு 5% வெட்டு, அந்தக் கீ நிரந்தரமாக முடக்கம். அந்த 5% உங்கள் பணத்தில் மட்டும் போகாது. உங்களை நம்பி உங்கள் வேலிடேட்டரில் பணம் வைத்தவர்கள் (டெலிகேட் செய்தவர்கள்) பணத்திலும் போகும். அணைந்து கிடந்ததற்கு அங்கே வெட்டு 0.01%, கூடவே 10 நிமிட ஜெயில் (கையெழுத்துப் போடத் தடை). இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதற்குப் பயப்படவேண்டும்?

"நாங்கள் பல வாரம் இரண்டையும் ஓட்டினோமே, ஒன்றும் ஆகவில்லையே" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. உண்மைதான், ஆகாமல் இருக்கும். எத்தீரியத்தில் ஒவ்வொரு எபோக்குக்கும் வேலிடேட்டர் ஒரு அட்டெஸ்டேஷன், அதாவது ஒரு வாக்கு, போடுகிறது: இந்த பிளாக்தான் தலை (செயினின் கடைசி பிளாக்), இந்த செக்பாயின்ட்தான் சரி என்று. உங்கள் இரண்டு சர்வரும் அந்த நொடியில் செயினை ஒரே மாதிரி பார்த்திருந்தால், இரண்டும் அட்சரம் பிசகாமல் ஒரே அட்டெஸ்டேஷனைத்தான் போடும். ஒரே வாக்கு இரண்டு முறை வந்தால் குற்றமில்லை. 12 நொடிக்கு ஒரு ஸ்லாட் (ஒரு பிளாக் வரவேண்டிய நேரம்), அதில் ஒரு பிளாக் கொஞ்சம் தாமதமாக வந்து, ஒரு சர்வர் பார்த்து இன்னொன்று பார்க்காமல் விட்டால் போதும். இரண்டு வாக்கும் வேறு வேறு தலையைக் காட்டும். அதுதான் ஆதாரம். அதைக்கூட நீங்கள் தப்பிக்கலாம். ஆனால் பிளாக் முன்மொழியும் முறை உங்களுக்கு வந்துவிட்டால், இரண்டு சர்வர் கட்டும் பிளாக்கும் ஒன்றாக இருக்க வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பல வாரம் தப்பித்தது உங்கள் செட்டப் நன்றாக இருந்ததால் அல்ல, அந்த முறை வராததால்.

இத்தனை சொன்னபிறகு சிலர் பயந்துபோய் இரண்டாவது நோடையே மூடிவிடுகிறார்கள். அதுவும் வேண்டாம். நோடு வேறு, வேலிடேட்டர் வேறு. பிட்காயின் ஃபுல் நோடு வெறுமனே சரிபார்க்கிறது, அதில் எந்தக் கையெழுத்துக் கடமையும் இல்லை, எத்தனை வேண்டுமானாலும் ஓட்டுங்கள். எத்தீரியத்திலும் நோடாக ஓடும் எக்ஸிகியூஷன் கிளையன்ட் (பரிவர்த்தனைகளை நிறைவேற்றுவது), கன்சென்சஸ் கிளையன்ட் (எந்த பிளாக் சரி என்று பின்தொடர்வது) இரண்டும் எத்தனை ஜோடி இருந்தாலும் ஆபத்தில்லை. கீ வைத்துக் கையெழுத்துப் போடும் வேலிடேட்டர் கிளையன்ட் மட்டும் ஒன்றே ஒன்றாக இருக்கவேண்டும். அந்த ஒன்றுக்குப் பின்னால் இரண்டு மூன்று பீக்கன் நோடு (கன்சென்சஸ் கிளையன்ட்தான்) கொடுத்து வைத்தால், ஒன்று விழுந்தால் அடுத்ததிடம் போகும். உங்களுக்குத் தேவையான பேக்கப் இதுதான். அதற்கு மேலும் வேண்டும் என்றால் வெப்3சைனர் போல எல்லாக் கையெழுத்தையும் ஒரே பதிவேட்டில் சரிபார்த்துப் போடும் ரிமோட் சைனர் இருக்கிறது. கீயையே துண்டுகளாகப் பிரித்துப் பலர் சேர்ந்து போடும் ஓபோல், எஸ்எஸ்வி இருக்கின்றன, காஸ்மோஸுக்கு ஹார்க்ரக்ஸ் இருக்கிறது. கீ ஃபைலை நகலெடுத்து இரண்டாவது மிஷினில் வைப்பது இந்தப் பட்டியலில் இல்லை.

சர்வர் மாற்றவேண்டும் என்றால் அவசரப்படாமல் செய்யுங்கள். பழையதில் ஸ்டாப், டிசேபிள். ஸ்லாஷிங் பாதுகாப்புப் பதிவை (இதுவரை எதில் கையெழுத்துப் போட்டோம் என்ற குறிப்பு) எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இஐபி 3076 என்ற பொது வடிவத்தில் ஒரு ஜேசான் ஃபைலாக வரும், லைட்ஹவுஸ் கிளையன்டிலிருந்து டெக்கு கிளையன்டுக்கு மாறினாலும் செல்லும். பழையதில் கீயை அழியுங்கள். ஒருமுறை வேண்டுமென்றே ரீபூட் செய்து, எதுவும் எழவில்லை என்று கண்ணால் பாருங்கள். எக்ஸ்ப்ளோரரில் (செயினில் நடப்பதைக் காட்டும் இணையதளம்) உங்கள் வேலிடேட்டர் இரண்டு மூன்று எபோக் அட்டெஸ்டேஷன் போடாமல் விட்டிருப்பது தெரியவேண்டும். ஒரு எபோக் 6.4 நிமிடம்தான், ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அப்புறம் புதியதில் அந்தப் பதிவை இம்போர்ட் செய்து, டாப்பெல்கேங்கர் பாதுகாப்பை ஆன் செய்து தொடங்குங்கள். உங்கள் கீயில் வேறு யாராவது கையெழுத்துப் போடுகிறார்களா என்று அது இரண்டு மூன்று எபோக் பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்கும். ஆனால் இரண்டு மிஷின் ஒரே நேரத்தில் எழுந்தால் இரண்டுமே காத்திருந்து, யாரும் இல்லை என்று நினைத்து, ஒன்றாக ஆரம்பித்துவிடும். அதனால் அதைக் கடைசிக் காப்பாக மட்டும் வையுங்கள்.

அந்தப் பாதுகாப்புப் பதிவைப் பற்றி இன்னும் ஒன்று. விர்ச்சுவல் மிஷினின் பழைய ஸ்னாப்ஷாட்டை மீட்டால் அந்தப் பதிவும் பழைய தேதிக்குப் போய்விடும். நேற்று எதில் கையெழுத்துப் போட்டோம் என்பதே அதற்குத் தெரியாது. காஸ்மோஸில் கடைசிக் கையெழுத்தைக் குறித்துவைக்கும் ஸ்டேட் ஃபைலுக்கும் இதே கதிதான். "டேட்டாபேஸ் கெட்டுப்போச்சு, முழு ஃபோல்டரையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தேன்" என்று சொல்பவர்கள் செயின் டேட்டாவோடு அதையும் சேர்த்தே அழித்திருப்பார்கள். செயின் டேட்டா போனால் நெட்வொர்க்கிலிருந்து திரும்ப வரும். இது வராது. அழிக்கும் ஆர்எம் கமாண்டை அடிக்கும் முன் எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. கெத் என்ற எக்ஸிகியூஷன் கிளையன்டுக்குக் கட்டளை போகும் 8545 போர்ட்டை வெளியுலகுக்குத் திறக்காதீர்கள். மற்ற நோடுகளோடு பேசும் 30303 திறந்திருந்தால் போதும். யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் மூடியிருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், டாக்கரில் போர்ட்டை பப்ளிஷ் செய்தால் அது யுஎஃப்டபிள்யூவைத் தாண்டிப் போய் ஐபிடேபிள்ஸில் தானே வழி திறந்துவிடும். போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 (இந்த மிஷினுக்குள் மட்டும்) என்று சேர்த்து எழுதுங்கள், வெளியே வேறொரு மிஷினிலிருந்து சோதியுங்கள். நோடு மெதுவாக நிற்கிறது என்று புரோகிராமைச் சட்டென்று கொல்லும் கில் 9 அடிக்காதீர்கள். பிட்காயின் கோர் தன்னுடைய சர்வீஸ் ஃபைலிலேயே நிற்க 600 நொடி அவகாசம் கொடுக்கிறது, காரணமில்லாமல் இல்லை. பாதியில் கொன்றால் ரீஇண்டெக்ஸ் (எல்லா பிளாக்கையும் மறுபடி சரிபார்ப்பது) வரை இழுத்துவிடும். பாஸ்வேர்டைக் கமாண்டோடு சேர்த்து அடிக்காதீர்கள், ஹிஸ்டரியிலும் இருக்கும், ஓடுகிற புரோகிராம்களைக் காட்டும் பிஎஸ் கமாண்டை அடிக்கிற எல்லோருக்கும் தெரியும். 24 வார்த்தை நிமோனிக் (கீயைத் திரும்ப உருவாக்கும் ரகசிய வார்த்தைகள்) சர்வரில் எந்த ஃபைலிலும் இருக்கக்கூடாது, ஒரு நிமிடத்துக்குக்கூட. உதவி செய்கிறேன் என்று அதைக் கேட்கிறவர் திருடர். விதிவிலக்கே கிடையாது. என்னிடம் வரும்போதும் லாக்கைக் கொண்டுவாருங்கள், நிமோனிக்கை வேண்டாம்.

நடு ராத்திரியில் அலர்ட் வந்து எழுந்து, வேலிடேட்டர் அணைந்திருப்பதைப் பார்த்தால், ப்ளீஸ், உடனே இன்னொரு மிஷினில் கீயை ஏற்றாதீர்கள். காலைவரை அணைந்தே கிடக்கட்டும். போவது சில்லறை. பல கீ வைத்திருந்து அதில் ஒன்று ஸ்லாஷ் ஆனதாகத் தெரிந்தால் மட்டும் ஒரு நொடியும் யோசிக்காமல் எல்லா வேலிடேட்டர் கிளையன்டையும் நிறுத்துங்கள். மிச்சக் கீகள் இன்னும் தப்பவில்லை, அவையும் அதே இரண்டு இடத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாம் நின்றபிறகு, எந்தெந்த மிஷினில் கீ இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பாருங்கள். மறந்துபோன டெஸ்ட் சர்வர், போன வருடத்து மிஷின் எதையும் விட்டுவிடாமல்.